மெக்கோங் பாரின் கொல்லைக் கதவு

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலியில வேணாம், அது அமலோர் சொல்தாவோடது, இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவாரு. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு வந்தவரு, அந்த நாற்காலிக்காக ஒரு தடவை ஒரு கவுன்சிலரையே எழுப்பி விட்டிருக்காரு. இப்படி வாங்க, ஜன்னல் ஓரமா. கோதண்டம், தம்பிக்கு ஒரு காபி சொல்லு. காபிதான் தம்பி. கடை தொறக்கிறதுக்கு முன்னாடி இங்க யாருக்கும் ஊத்துறதில்ல, பத்திரிகைக்காரங்களா இருந்தாலும் சரி.

பாண்டிச்சேரியில பழைய பார்களப் பத்தி எழுதுறீங்கன்னு சொன்னாங்க. எழுதுங்க. ஆனா ஒண்ணு முன்கூட்டியே சொல்லிடுறேன். இதுக்கு முன்னாடி வந்து எழுதினவங்க எல்லாரும் ஒரே கதையத்தான் எழுதினாங்க. மெக்கோங் பார்ல ஒரு மதாம் இருக்காங்க, ஆள் மூஞ்சியப் பார்த்தே இவன் எத்தனை பெக் தாங்குவான்னு சொல்லிடுவாங்க, அளவு வந்ததும் கிளாஸக் கவுத்துடுவாங்க, அப்புறம் போலீஸே வந்து கேட்டாலும் ஊத்த மாட்டாங்க. அப்படித்தானே? நீங்களும் அதத்தான் எழுத வந்திருக்கீங்க. அது பொய். கிளாஸக் கவுக்கிறது நிஜம். மூஞ்சியப் பார்க்கிறது பொய். எனக்குக் கண்ணே சரியாத் தெரியாது, ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தும் அப்படித்தான்.

நிஜத்த இத்தனை வருஷமா வெளியில சொன்னதில்ல. இந்த மழைக்காலத்துல தானா வெளிய வந்துடுச்சு. ஊரே தெரிஞ்சுக்கிட்டப்புறம் உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போவுது.

முதல்ல கடையப் பத்திக் கேட்டுக்கங்க. வாசல்ல போர்டுல மெக்கோங் பார்னு போட்டிருக்கு. அந்தப் பேரு வரி வசூலிக்க வர்றவனுக்குத்தான் தெரியும். பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் யாரக் கேட்டாலும் கவுத்த கிளாஸ் கடைன்னுதான் சொல்லுவாங்க. எங்க மாமனார் சவரிராயர் வியட்நாம்ல இருக்கிற சைகோன்ல வேலை பார்த்தவரு. வரும்போது ஆளுங்க பொன்னும் பட்டும் கொண்டு வந்தாங்க. இவரு அந்தக் கண்ணாடியக் கொண்டு வந்தாரு. பாருங்க, உங்க தலைக்கு மேல. கப்பல்ல வந்தப்போ ஒடையல. பிரெஞ்சுக்காரன் போவணுமா இருக்கணுமான்னு ஊர்ல சண்டை நடந்தப்போ, ரெண்டு கட்சியும் இங்கதான் குடிச்சாங்க, ரெண்டு கட்சியும் இங்கதான் சோடா பாட்டில் வீசினாங்க, அப்ப விழுந்த விரிசல் அது. யார் வீசினதுன்னு கேட்டா மாமனார் சொல்ல மாட்டாரு. அவன் நமக்கு வாடிக்கைம்பாரு, அவ்வளவுதான்.

கொடி எறங்கின அன்னைக்கும் கடை தொறந்திருந்துச்சு. புதுக் கொடி ஏறின அன்னைக்கும் தொறந்திருந்துச்சு. அந்தப் பக்கம் மதுவிலக்கு இருந்தப்போ கடலூர்லேருந்தும் விழுப்புரத்திலேருந்தும் சைக்கிள் மிதிச்சுக்கிட்டு வருவாங்க. திரும்பிப் போகையில சோதனைச் சாவடியில வாய ஊதச் சொல்லுவானேன்னு பயந்துக்கிட்டு, போற வழியெல்லாம் பச்சை வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டே போவாங்க. அப்பல்லாம் கிளாஸ் கவுக்கிற வழக்கம் கிடையாது. எவ்வளவு வேணுமோ குடிக்கலாம். வாய்க்கால்ல விழுந்து கெடந்தவங்களக் காலையில வீட்டுப் பொம்பளைங்க வந்து தூக்கிட்டுப் போவாங்க.

கவுக்கிற வழக்கம் என்னோடது. எழுதிக்கங்க. சவரிராயர் மருமக, லெயோன் பொண்டாட்டி, செலஸ்தீன் கொண்டு வந்தது.

லெயோன் என் வீட்டுக்காரரு. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தப்போ, மாடியில எங்க அறை, கீழ கடை. மனுஷன் எறங்கி வந்தா கடை, ஏறிப் போனா வீடு. இதுல எங்க நிக்கிறது அவரு? பத்தடி நடந்தாக்கூட ஒரு யோசனை வரும். இங்க அதுவும் கிடையாது. பேச்சு நல்லா பேசுவாரு, நாள் பூரா கேட்டுக்கிட்டே இருக்கலாம். குடிச்சா இன்னும் நல்லா பேசுவாரு. அதுதான் கேடு. அடிச்சிருந்தா எங்கப்பா வந்து கூட்டிட்டுப் போயிருப்பாரு. சிரிக்க வெச்சா யார்கிட்டப் போய் சொல்றது?

சமையல்கட்டுல மாமியார். ரொசாலின்னு பேரு. பாட்டில் அலமாரிச் சாவி அவங்க இடுப்புல. நான் போய்ச் சொன்னேன், அத்தை, அவருக்குக் கொஞ்சம் அளவா குடுங்கன்னு. காதுலயே வாங்கல. இன்னொரு நாள் சொன்னேன். வெங்காயம் உரிச்சியான்னு கேட்டாங்க. வீட்டு மருமக பேச்சுக்கு வீட்டுக்குள்ள மரியாதை கிடையாது தம்பி. ஆனா கொல்லைக் கதவ யாராவது தட்டினா எந்திரிச்சுப் போய்ப் பதில் சொல்லுவாங்க. மீன்காரி தட்டினா பேசுவாங்க, கீரைக்காரி தட்டினா பேசுவாங்க, பிச்சைக்கு வர்றவளக்கூட நிக்க வெச்சுப் பேசுவாங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா? ஒரு நாள் முக்காட்டப் போட்டுக்கிட்டு முன்வாசல் வழியா எறங்கி, சந்தெல்லாம் சுத்திக்கிட்டுப் போய், கொல்லைக் கதவத் தட்டினேன். வெளி ஆளா வந்தாவாவது கேப்பாங்களோன்னுதான்.

தொறந்தாங்க. நான்னு பார்த்தாங்க. அத்தை, உங்க புள்ளைக்கு ரெண்டுக்கு மேல வேணாம்னேன். என் புள்ளைய எனக்குத் தெரியும்னு சொல்லிக் கதவச் சாத்திட்டாங்க. தாழ்ப்பாள் போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. நான் திரும்பவும் சந்தெல்லாம் சுத்திக்கிட்டு முன்வாசலுக்கு வந்தேன்.

லெயோன் எப்படிப் போனாருன்னு கேக்காதீங்க. ஜிப்மர்ல வயிறு வீங்கிப் படுத்திருந்தாரு. கடைசி வரைக்கும் நர்சுங்களச் சிரிக்க வெச்சுக்கிட்டுதான் இருந்தாரு. என் மகன் அப்ப பால்வாடிக்குப் போற புள்ள.

அப்புறம் மாமனாரும் போய், மாமியார் படுக்கையில விழுந்து, சாவி என் இடுப்புக்கு வந்துச்சு. வந்த அன்னைக்கே கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளக் கழட்டிப் போட்டேன். பெரிய மார்க்கெட்டுல மீன் விக்கிற பச்சையம்மாதான் முதல்ல வந்தவ. அவ புருஷன் இங்க குடிச்சுட்டு வீட்டுல பாத்திரத்தையெல்லாம் விட்டெறியிறவன். சொல்லும்மா, எவ்வளவுன்னு கேட்டேன். அவளுக்குப் புரியல. உன் வீட்டுக்காரனுக்கு இன்னையிலேருந்து எவ்வளவு ஊத்தலாம்னு நீ சொல்லுன்னேன். மீன் கூடையக் கீழ எறக்கி வெச்சா. அப்புறம், ஒண்ணுன்னு சொன்னா. சாயங்காலம் அவன் ஒண்ணு குடிச்சதும் கோதண்டம் போய்க் கிளாஸக் கவுத்தான். கத்தினான், மேசையத் தட்டினான். மதாம் மூஞ்சியப் பார்த்துச் சொல்லிட்டாங்க, உன் உடம்பு அவ்வளவுதான் தாங்கும்னு கோதண்டம் ஒரு பொய்ய எடுத்து விட்டான். அந்தப் பொய்தான் தம்பி நீங்க எழுத வந்தது.

அவ்வளவுதான் சட்டம். காலையில ஆம்பளைங்க வேலைக்குப் போனப்புறம் பொம்பளைங்க வருவாங்க. மீன் விக்கிற மாதிரி ஒருத்தி, எரவல் வாங்குற மாதிரி ஒருத்தி. நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், சொல்லும்மா, எவ்வளவு. ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன். அடிச்சானான்னு கேக்க மாட்டேன். கன்னம் வீங்கியிருந்தாலும் கேக்க மாட்டேன். எவ சொன்னாளோ அவளே வந்து மாத்தினாத்தான் அளவு மாறும். ஆம்பளை அழுதாலும் மாறாது. ஒரு இன்ஸ்பெக்டர் வந்து லைசென்ஸக் கிழிச்சுடுவேன்னு குதிச்சாரு. கிழிங்கன்னேன். அவரு சம்சாரம் அன்னைக்குக் காலையிலதான் வந்து ரெண்டுன்னு சொல்லிட்டுப் போயிருந்தாங்க.

வேற கடைக்குப் போய்க் குடிப்பாங்களேன்னு கேக்கிறீங்க. போனாங்க. போறவங்க போகட்டும். ஆனா பாதிப் பேரு திரும்பி வந்தாங்க. இங்க கலப்படம் கிடையாது, நெத்திலி வறுவல் இந்த மாதிரி எங்கயும் கிடையாது. அதவிட, இந்தக் கடையிலேருந்து போறவன் நேரா நடந்து போவான். மதாம் கவுத்துட்டாங்கப்பான்னு பெருமையா சொல்லிக்குவான். தானா நிறுத்தினா கூட்டாளிங்க கிண்டல் பண்ணுவாங்க. நான் நிறுத்தினா கௌரவம்.

ம், காபி ஆறிடப்போவுது, குடிங்க.

மேல ஏதோ சத்தம் கேக்குதா? ஒண்ணுமில்ல, என் மகன் புரண்டு படுக்கிறான். அந்துவான். பாரிஸ்ல இருந்தவன். மாதா திருநாளுக்கு வந்தான், இப்ப கிறிஸ்மஸே வரப்போவுது. பயணக் களைப்பு இன்னும் போகல. அவனுக்கு அந்த ஊர்க் குளிரு எலும்புல ஏறிடுச்சு, காலையில கை நடுங்கும். கோதண்டம், சோடா கொண்டு போய்க் குடுத்தியா மேல? குடு. எழுந்ததும் தொண்டை வறண்டு போயிருக்கும்.

அவன் வந்ததிலேருந்துதான் எனக்கும் இந்தக் கடைக்கும் கேடு காலம். மகனாச்சேன்னு நான் விட்டுக் குடுக்கிறவ இல்ல, அதுவும் எழுதிக்கங்க. வேலைய விட்டுட்டு வந்துட்டான். அம்மாவுக்காகத்தான் விட்டேன்னு சொல்றான். வந்ததும் ஒரு திட்டம் போட்டான். இந்த பார, வெளிநாட்டுல இருக்கிற மாதிரி ஒரு பப் ஆக்கணுமாம். மாடியில பாட்டு, வாசல்ல கண்ணாடிக் கதவு, பழைய கண்ணாடி மட்டும் அப்படியே இருக்கணுமாம், விரிசலோட. அந்த விரிசலப் பார்க்க வெளிநாட்டுக்காரன் வருவானாம். கிளாஸ் கவுக்கிறது கூடாதாம். குடிக்கிறவன் விருப்பம்மா அது, நீ யாரு நிறுத்துறதுக்குங்கிறான். சாயங்காலமானா அந்த மூலை மேசையில பாட்டில வெச்சுக்கிட்டு உக்காந்து எல்லாருக்கும் திட்டத்த வெளக்குவான். அப்பன் மாதிரியே பேச்சு தம்பி. நாள் பூரா கேட்டுக்கிட்டே இருக்கலாம். ஒவ்வொரு சரக்கா ருசி பார்க்கிறான், தொழில் தெரிஞ்சுக்கணும்ல.

எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். கடைசியில கொல்லைக் கதவ அடைச்சுட்டு அங்க கக்கூஸ் கட்டணும்னான். அப்பத்தான் எனக்கு ரத்தம் கொதிச்சுது. கதவு போனா இந்தக் கடை கடையே இல்ல. ஆனா ஏன்னு அவன்கிட்டச் சொல்ல முடியாது, அவனும் ஆம்பளைதானே. ஐப்பசி மாசம், கொட்டுற மழையில, மேஸ்திரியக் கடப்பாரையோட கூட்டிட்டு வந்துட்டான். நான் என்ன பண்ணேன்? ஒரு நாற்காலிய எடுத்துக்கிட்டுப் போய்க் கதவு நிலையில போட்டு உக்காந்துட்டேன். பாதி உடம்பு உள்ள, பாதி உடம்பு மழையில. இடிக்கிறதுன்னா என்னையும் சேர்த்து இடின்னேன்.

கோதண்டம் சும்மா இருப்பானா. குடைய எடுத்துக்கிட்டு மார்க்கெட்டுக்கு ஓடினான். கொஞ்ச நேரத்துல பச்சையம்மா வந்தா, கையில மீன் வெட்டுற கத்தியோட. பின்னாடியே ஒவ்வொருத்தியா. தலையில கோணி போட்டுக்கிட்டு, பிளாஸ்டிக் கவர் போட்டுக்கிட்டு, புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு. சந்து ரொம்பிப் போச்சு. டீச்சரம்மா ஒருத்தங்க பள்ளிக்கூடத்திலேருந்து நேரா வந்துட்டாங்க. கதவ அடைக்க விட மாட்டோம்னு நின்னாங்க. மேஸ்திரி கூட்டத்தப் பார்த்தான், கடப்பாரையக் கீழ போட்டான். ஏன்னு பார்த்தா, அவன் பொண்டாட்டியும் அதுல நிக்கிறா.

சத்தம் கேட்டுக் கடையில இருந்த ஆம்பளைங்க எல்லாம் கொல்லைப் பக்கம் வந்தாங்க. பச்சையம்மா புருஷன் கேட்டான், உனக்கு என்னடி இங்க வேலைன்னு. அவ கத்திய இடுப்புல சொருகிக்கிட்டு சொன்னா பாருங்க: "உன் அளவ யாருய்யா சொன்னதுன்னு நெனச்ச இத்தனை வருஷமா? மதாம் கண்ணா? என் வாய்யா சொன்னது!"

முடிஞ்சுது. ஒவ்வொருத்தனும் அவனவன் பொண்டாட்டியப் பார்க்கிறான். ஒவ்வொருத்தியும் நேராப் பார்க்கிறா. ஒருத்திகூடத் தலை குனியல தம்பி. எனக்கு அப்படியே நெஞ்சு நெறைஞ்சு போச்சு. என் மகன் மட்டும் சிரிச்சான். பிரமாதம்மா, இதையே விளம்பரமா போடலாம்னான்.

மறுநாள் ஒரு பய வரல. அதுக்கு அடுத்த நாளும் வரல. ஆம்பளைங்கள ஏமாத்துற கடைன்னு பேசிக்கிட்டாங்களாம். போங்கடான்னு காலிக் கடையில உக்காந்திருந்தேன். விளக்கப் போட்டு, கிளாஸெல்லாம் தொடச்சு அடுக்கி, நெத்திலி வறுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பார்த்தியாம்மான்னான் மகன். பார்த்துக்கிட்டுத்தாண்டா இருக்கேன்னேன்.

முதல்ல வந்தது அமலோர் சொல்தா. மழையில நனைஞ்சு, தொப்பியக் கையில வெச்சுக்கிட்டு, உக்காராம நின்னாரு. "மதாம், எனக்கு ரெண்டு பெக்ல கவுக்கிறீங்களே, அது யார் சொன்னது?"ன்னாரு. உங்க தெரேஸ்தான்னேன். "தெரேஸ் செத்து எத்தனை வருஷம் ஆச்சு"ன்னாரு. தெரியும், அடக்கத்துக்கு நானும் வந்தேனேன்னேன். "அப்புறமும் ஏன் ரெண்டு?" அப்படீன்னு கேட்டாரு. எவ சொன்னாளோ அவளே வந்து மாத்தினாத்தான் மாறும் முசே, அவங்க வரல, நான் மாத்தலன்னேன்.

அந்த மனுஷன் போருக்குப் போனவரு. நாங்க ஊத்திக் குடுக்கிற மேடையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு தம்பி, குலுங்கிக் குலுங்கி. "இத்தனை நாளா அவ சொன்னதத்தான் குடிச்சுக்கிட்டு இருந்தேனா"ன்னாரு. அப்புறம் போய் அந்த நாற்காலியில உக்காந்தாரு. ரெண்டு குடிச்சாரு. கோதண்டம் கவுக்கப் போனான். வேணாம்னு சொல்லி அவரே தன் கையால கவுத்து வெச்சாரு. இப்பவும் தெனம் அவரேதான் கவுக்கிறாரு. அவரப் பார்த்துட்டு மத்தவங்களும் ஒவ்வொருத்தரா வந்துட்டாங்க. பச்சையம்மா புருஷன் வந்து, இன்னைக்கு என்ன உத்தரவுன்னு கேட்டுக்கிட்டே உக்கார்றான்.

அதனால கதவு இருக்கு. நான் இருக்கிற வரைக்கும் இருக்கும். அரசாங்கம் வந்து சொன்னாலும் இருக்கும்.

போன் அடிக்குது, விடுங்க. அடிச்சுட்டு நிக்கும். யாருன்னு தெரியும், அதான் எடுக்கல. நேத்துலேருந்து அடிச்சுக்கிட்டே இருக்கு.

என் மருமக. சில்வி. நம்மூருப் பொண்ணுதான், உப்பளத்துப் பக்கம். பாரிஸ்ல ஒரு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறா. போன மாசம் கூப்பிட்டா. எடுத்ததும், "அத்தை, அவருக்கு ஊத்தாதீங்க"ன்னா. நல்லா இருக்கீங்களான்னு கேக்கல, சாப்பிட்டீங்களான்னு கேக்கல. வேலைய அவரு விடல, வேலை குடுத்தவங்கதான் அனுப்பிட்டாங்க, வண்டிய இடிச்சுட்டாரு, புள்ளைங்க பயப்படுதுங்க, என்னென்னமோ சொல்றா. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். எத்தனையோ பொம்பளைங்க பேச்சக் கேட்டவ நான், எது நிஜம் எது மிகைன்னு எனக்குத் தெரியும். இவ மிகை. ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறவளுங்களுக்கு யாரப் பார்த்தாலும் நோயாளியாத்தான் தெரியும். அவனப் பெத்தவ நான், எனக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு கேட்டு வெச்சுட்டேன்.

என்ன தம்பி அப்படிப் பார்க்கிறீங்க?

இவன் கோதண்டமும் அப்படித்தான் பார்த்தான். பக்கத்துல நின்னு ஒட்டுக்கேட்டிருக்கான். அன்னைக்குச் சாயங்காலம் மூலை மேசைக்குப் போய், அந்துவான் கிளாஸக் கவுத்துட்டான்! கடைக்கே சொந்தக்காரி புள்ளையோட கிளாஸ! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். யார் சொன்ன அளவுடா இதுன்னேன். "சில்வி அம்மாதான் போன்ல சொன்னாங்களே மதாம்"ங்கிறான். போன்ல சொன்னா செல்லாது, கொல்லைக் கதவுக்கு வந்து நின்னு சொல்லணும், அதுதான் இந்தக் கடைச் சட்டம், இத்தனை வருஷமா இருக்கே உனக்குத் தெரியாதான்னேன். சொல்லிட்டு நானே அந்தக் கிளாஸ நிமிர்த்தி, நானே ஊத்தினேன். கடை பூராவும் பார்த்துச்சு. பார்க்கட்டுமே. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே? வராதவளுக்காகச் சட்டத்த வளைக்க முடியுமா? அந்துவான் என் கையப் புடிச்சு முத்தம் குடுத்தான். அம்மான்னா அம்மாதான்னான். அமலோர் மட்டும் எழுந்து போயிட்டாரு, ரெண்டாவது பெக்க அப்படியே வெச்சுட்டு. ஏன்னு தெரியல. வயசாயிடுச்சு அவருக்கு.

போன் நின்னுடுச்சு. பார்த்தீங்களா? நிக்கும்னு சொன்னேன்ல.

இதெல்லாம் எழுதாதீங்க தம்பி. வீட்டு விஷயம். கதவு விஷயத்த எழுதுங்க, பொம்பளைங்க மழையில நின்னத எழுதுங்க. எங்க மாமியார் கதவச் சாத்தினத எழுதினாக்கூடப் பரவாயில்ல. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சில்விகிட்டயே சொல்லியிருக்கேன், கல்யாணமான புதுசுல. கண் கலங்கிக் கேட்டா. அப்ப நல்ல பொண்ணாத்தான் இருந்தா.

தட்டுறாங்க. கேக்குதா? கொல்லையில.

இந்நேரத்துக்கு யாரு? பச்சையம்மா இன்னைக்கு மார்க்கெட்டுக்குப் போயிட்டா. கோதண்டம், போய்ப் பாரு. ஏன் நிக்கிற? போய்ப் பாருன்னா... மேசையத்தான் தொடச்சுட்டியே, எத்தனை தடவை தொடைப்ப? என்னை நிமிர்ந்து பாரு.

யார் அது?

நீயா சொன்ன? கொல்லைக் கதவுக்கு வந்து சொன்னாத்தான் செல்லும்னு சில்விகிட்ட நீயா போன் பண்ணிச் சொன்ன? அத நம்பி அவ்வளவு தூரத்திலேருந்து பிளேன் ஏறி வந்துட்டாளா?

முன்வாசல் தொறந்துதானே கெடக்கு. இந்த வீட்டு மருமக. பெட்டியத் தூக்கிக்கிட்டு நேரா உள்ள வர வேண்டியவ, ஏன் சந்தச் சுத்திக்கிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நிக்கிறா?

தட்டிக்கிட்டே இருக்கா. மெதுவாத்தான் தட்டுறா. நானும் அப்படித்தான் தட்டினேன்.

எனக்கு பயமா இருக்கு தம்பி. எத்தனை பேரு புருஷனுக்கு அளவு வெச்சவ நான், எதுக்கு பயப்படணும்? மேல அவன் புரண்டு படுக்கிற சத்தம் கேக்குதுல்ல? அவன் அப்பனும் இப்படித்தான், வெயில் ஏறின பிறகும் புரண்டுக்கிட்டே கெடப்பாரு. எனக்குத் தெரியாம இல்ல. கை நடுங்குறது குளிர்ல இல்லன்னு எனக்குத் தெரியாம இல்ல தம்பி. என் ஒரே புள்ள. கவுத்துட்டா எழுந்து போயிடுவானோன்னுதான் ஊத்தினேன்.

வேணாம் கோதண்டம், நீ தொறக்க வேணாம். அவ உன்னைப் பார்க்க வரல. கையக் குடு, தூக்கி விடு. நான் ரொசாலி இல்ல. இந்த ஊர்ல எந்தப் பொம்பளை மூஞ்சியிலயும் நான் அந்தக் கதவச் சாத்தினதில்ல, இவ மூஞ்சியிலயும் சாத்த மாட்டேன். தம்பி, நீங்களும் வாங்க. வந்து பார்த்துட்டு எழுதுங்க. மூலை மேசையில அவன் கிளாஸ் இருக்கும், வரும்போது எடுத்துக்கிட்டு வாங்க.

எப்படி எளைச்சுப் போயிட்டா பாருங்க. அழாத. இந்தக் கதவுக்கு வந்த பொம்பளைங்க யாரும் அழுததில்ல. ஏன் எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன்.

சொல்லும்மா. எவ்வளவு?